பழைய அம்பாசிடரில் ஆயில் ஒழுகுகிறதா? சரியான ஆயில் சீலைத் தேடிப் பிடிக்கும் வழி

"அம்பாசிடர்தானே, சீல் எங்கே போனாலும் கிடைக்கும்" என்று எல்லோரும் சொல்வார்கள். கிடைக்கத்தான் செய்கிறது. ஆனால் கடைக்குக் கடை வேறு வேறு சீலை எடுத்துக் கொடுத்து, ஒவ்வொருவரும் "அம்பாசிடருக்கு இதுதான்" என்று அடித்துச் சொல்லும்போது புதிதாகப் பழைய வண்டி வாங்கியவர் என்ன செய்வார்? என் மார்க் 4 பெட்ரோல் வண்டியின் பின் சக்கரத்தில் ஆயில் கசிந்து பிரேக் லைனர் நனைந்தபோது நான் பட்ட அலைச்சலை நீங்கள் படவேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஆயில் சீல் என்பது சுழலும் ஷாஃப்டை, அதாவது தண்டை, கவ்வி ஆயில் வெளியே வராமல் தடுக்கும் ரப்பர் வளையம். ஒன்றை மட்டும் தொடக்கத்திலேயே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஷாஃப்டின் விட்டம், சீல் உட்காரும் துளையின் விட்டம், அது தடுத்து நிறுத்த வேண்டிய திரவம் ஆகிய மூன்றும் தெரிந்தால் சீல் கிடைத்துவிடும். வண்டியின் பெயரை மட்டும் நம்பிப் போனால் அலைச்சல்தான். ஸ்டாண்டர்டு ஹெரால்டு போன்ற பிற பிரிட்டிஷ் வழி வண்டிகள் வைத்திருப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

1. ஒழுகுவது என்ன, எங்கிருந்து?

வண்டிக்கு அடியில் ஓர் இரவு வெள்ளை அட்டையை விரித்து வையுங்கள். கறுத்து, வழுவழுப்பாக இருந்தால் எஞ்சின் ஆயில். கெட்டியாக, கந்தக நெடியோடு மூக்கைத் துளைத்தால் டிஃபரன்ஷியல் (பின் அச்சின் நடுவே உள்ள பல்சக்கரக் கூடு) கியர் ஆயில். நீர்த்து, தொட்டால் பிசுக்கு குறைவாக, தண்ணீரில் எளிதில் கழுவிக்கொண்டு போனால் பிரேக் திரவம். பின் சக்கரத்தின் உட்பக்கம் நனைந்திருந்தால் இந்த வேறுபாடு மிக முக்கியம்: கியர் ஆயில் என்றால் சக்கரத்தின் மையத்தில் உள்ள ஹப் சீல், பிரேக் திரவம் என்றால் வீல் சிலிண்டர் கப் (பிரேக்கைத் தள்ளும் சிறு சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர்). இரண்டும் வேறு வேலை, வேறு ரப்பர். இரண்டில் எதுவாக இருந்தாலும் லைனர் நனைந்த வண்டியைச் சாலைக்கு எடுக்காதீர்கள். பிரேக் பிடிக்கும்போது ஒரு பக்கமாக இழுத்துவிடும்.

அடுத்து, இடம். ஓடும் வண்டியில் காற்று ஆயிலைப் பின்னோக்கித் தள்ளும். ஈர்ப்பு கீழே இழுக்கும். ஆகவே சொட்டுகிற இடம் கசிகிற இடமாக இருக்க வேண்டியதில்லை. டீசலால் நன்றாகக் கழுவித் துடைத்து, உலர்ந்ததும் முகப்பவுடரைத் தூவிவிட்டுப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். (பிரேக் பாகங்களின் பக்கம் டீசல் போகக் கூடாது.) பவுடரில் ஈரம் தெரியும் இடங்களில் எது மிக மேலே, மிக முன்னே இருக்கிறதோ அங்கேதான் கசிவு தொடங்குகிறது.

அம்பாசிடரின் பி-சீரிஸ் எஞ்சினில் (பிரிட்டிஷ் வடிவமைப்பான 1489 சிசி எஞ்சின்) அடிக்கடி ஏமாற்றுவது அதன் பக்கவாட்டில் உள்ள டேப்பெட் மூடி. அதன் தக்கை பேக்கிங் வழியாகக் கசியும் ஆயில் எஞ்சின் பக்கவாட்டில் வழிந்து, பின்னால் பெல் ஹவுசிங்கின் (எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் கூட்டின்) அடியில் போய்ச் சொட்டும். பார்ப்பவர் "கிராங் ஷாஃப்டின் பின்பக்கச் சீல் போய்விட்டது, கியர்பாக்ஸை இறக்க வேண்டும்" என்பார். சிறிய பேக்கிங்கில் முடிகிற வேலை பெரிய செலவாகிவிடும்.

2. சீலைக் கழற்றும் முன் மூச்சுத் துளையைப் பாருங்கள்

டிஃபரன்ஷியல் கூட்டின் மேலே ஒரு சிறிய பிரீதர் இருக்கும். ஆண்டுக்கணக்கில் மண்ணும் கிரீஸும் சேர்ந்து அது அடைத்துக்கொண்டால், வண்டி ஓடிச் சூடேறும்போது உள்ளே அழுத்தம் கூடும். ஆயில் வேறு வழியின்றி ஹப் சீலைத் தாண்டி வெளியே வரும். புதுச் சீல் போட்டாலும் சில வாரங்களில் அதே கதைதான். எஞ்சினுக்கும் இது பொருந்தும்: கிராங்க் கேஸ் பிரீதர் குழாய் அடைத்திருந்தால் நல்ல சீல்கூட ஒழுகும்.

டிஃபரன்ஷியலில் ஆயில் அளவையும் சரிபாருங்கள். வண்டி சமதளத்தில் நிற்கும்போது நிரப்பும் துளையின் விளிம்பு வரைதான் ஆயில் இருக்க வேண்டும். "கொஞ்சம் கூட இருக்கட்டும்" என்று ஊற்றப்பட்ட ஆயில்தான் பல ஹப் கசிவுகளுக்குக் காரணம். கம்பியும் துணியும் போதும், செலவே இல்லாத சோதனை இது. இதைச் செய்யாமல் கடைக்குப் போகாதீர்கள்.

3. அந்த இடத்தில் சீல் இருக்கிறதா?

இதைக் கேட்காமலே தேடத் தொடங்குகிறவர்கள் அதிகம். பி-சீரிஸின் மூன்று மெயின் பேரிங் எஞ்சினில், மூல வடிவமைப்பின்படி கிராங் ஷாஃப்டின் பின் முனையில் ரப்பர் சீலே கிடையாது. ஷாஃப்டில் வெட்டப்பட்ட சுருள் பள்ளம் சுழலும்போது ஆயிலை உள்ளே திருப்பி அனுப்பும். ஓரளவு கசிவது அதன் இயல்பு. அதற்கு மேல் ஒழுகினால் பேரிங் தேய்மானத்தையோ பிரீதரையோ பார்க்க வேண்டும். "1489 சிசி பெட்ரோலுக்குக் கிராங் பின்பக்கச் சீல்" என்று யாராவது ஒன்றை நீட்டினால், அது எந்த எஞ்சினுக்கானது என்று கேளுங்கள்.

எஞ்சினின் முன்மூடியான டைமிங் கவரிலும் இப்படி ஒரு சிக்கல் உண்டு. தொடக்ககால பி-சீரிஸில் அங்கே கம்பளி ஃபெல்ட் வளையம் இருந்தது. பிந்தியவற்றில் ரப்பர் லிப் சீல். கவரும் அதனுள்ளே இருக்கும் ஆயில் தள்ளும் தட்டும் ஒரு ஜோடி. ஒன்றைப் பழையதாகவும் மற்றதைப் புதியதாகவும் கலந்து போட்டால் எந்தச் சீலும் நிற்காது.

வாட்டர் பம்பில் தண்ணீர் ஒழுகினால் அது வேறு வகை. அங்கே தட்டையான இரு முகங்கள் உரசித் தடுக்கும் சீல் இருக்கும். ஆயில் சீல் அங்கே உதவாது.

4. கையில் வைத்திருக்க வேண்டிய ஆவணங்கள்

ஆர்.சி. நகல் ஒன்று. அதில் உள்ள தயாரிப்பு ஆண்டும் எஞ்சின் எண்ணும் தேவை. ஆனால் அதோடு நிற்காமல் எஞ்சின் பிளாக்கில் பொறித்திருக்கும் எண்ணையும் நேரில் பாருங்கள். பெட்ரோல் அம்பாசிடர்களில் டீசல் எஞ்சின் மாற்றியவர்கள் ஏராளம். 1489 சிசி பெட்ரோலா, 1489 டீசலா, 1990களில் வந்த 1817 சிசி இசுசு எஞ்சினா என்பதைப் பொறுத்து எஞ்சின், கியர்பாக்ஸ் சீல்கள் மாறக்கூடும். ஆர்.சி.யும் பிளாக்கும் ஒத்துப்போகவில்லை என்றால் அதை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தனியாகச் சரிசெய்ய வேண்டும். சீல் வாங்கும் விஷயத்தில் பிளாக் சொல்வதே உண்மை.

உதிரிபாகப் பட்டியல் புத்தகம் இருந்தால் பாக எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அம்பாசிடரின் மூலம் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3 என்பதால் அந்த வண்டியின் பட்டியலும், அதே எஞ்சின் குடும்பத்தைச் சேர்ந்த எம்.ஜி.ஏ. வண்டியின் பட்டியலும் உதவும். பாக எண் ஒரு தொடக்கம்தான். முடிவு அளவுகோலிடம் இருக்கிறது.

5. அளவெடுப்பது: ஷாஃப்டையும் துளையையும்

பழைய சீலின் உள்விட்டத்தை அளந்துகொண்டு கடைக்குப் போவதுதான் மிகப் பரவலான பொறி. புதுச் சீலின் உதடு, அதாவது ஷாஃப்டைத் தொடும் உள் விளிம்பு, ஷாஃப்டைவிடச் சற்றுச் சிறியதாக இருக்கும். அப்போதுதான் அது கவ்வும். பழைய சீலோ தேய்ந்து, இறுகி, விரிந்து போயிருக்கும். ஆகவே அதன் உதட்டை அளந்து ஒரு பயனும் இல்லை.

டிஜிட்டல் வெர்னியர் ஒன்று வாங்குங்கள். ஐந்நூறு ரூபாயிலிருந்து ஆயிரத்து ஐந்நூறுக்குள் வேலைக்கு ஆகும் கருவி கிடைக்கும். அங்குலமும் மில்லிமீட்டரும் இரண்டும் காட்டுவதாகப் பார்த்து வாங்குங்கள். பிறகு:

ஷாஃப்டைச் சுத்தமாகத் துடைத்து, சீல் உரசாத இடத்தில் இரண்டு மூன்று திசைகளில் அளவெடுங்கள். சீல் உரசிய இடத்தில் பளபளவென்று ஒரு வளையத் தடம் இருக்கும். அங்கே நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் சிக்கினால் பள்ளம் விழுந்துவிட்டது என்று பொருள். அந்தப் பள்ளத்தில் புதுச் சீல் போட்டால் நிற்காது. இதற்குத் தீர்வை ஒன்பதாம் படியில் சொல்கிறேன்.

துளையின் விட்டத்தையும் ஆழத்தையும் எடுங்கள். ஓரத்தில் பழைய மெக்கானிக் உளியால் நெம்பிய காயம் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் கீறல் வழியாகவும் ஆயில் வரும்.

ஷாஃப்டை அல்லது ஹப்பைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் முதலில் பேரிங். ஆடுகிற ஷாஃப்டில் உலகத்தின் எந்தச் சீலும் நிற்காது.

இப்போது அங்குலச் சிக்கல். இந்த வண்டியின் மூல வடிவமைப்பு அங்குலக் கணக்கில் உருவானது. ஒன்றரை அங்குல ஷாஃப்ட் 38.1 மி.மீ. வரும், இரண்டேகால் அங்குலத் துளை 57.15 மி.மீ. வரும். கடையில் இருப்பவை பெரும்பாலும் மில்லிமீட்டர் சீல்கள். உள்ளே 38 போட்டால் ஷாஃப்டில் 0.1 மி.மீ. வேறுபாடு, உதடு வளைந்துகொடுக்கும், பாதகமில்லை. வெளியே அந்தச் சலுகை கிடையாது. சீல் துளையில் இறுக்கமாக உட்கார, அதன் வெளிவிட்டம் துளையைவிடக் கொஞ்சம் பெரியதாகவே செய்யப்படுகிறது. 50 மி.மீ. துளைக்கான ரப்பர் உறை சீலை அளந்தால் 50.2, 50.3 என்று காட்டும். அது தவறான அளவு அல்ல. எனவே 57.15 துளையில் 57 மி.மீ. சீலைப் போட்டால் அந்த இறுக்கம் முழுக்கவோ பெரும்பகுதியோ போய்விடும். நாளடைவில் சீலே ஷாஃப்டோடு சுழலத் தொடங்கலாம். 58 உள்ளேயே போகாது. அடித்து ஏற்றினால் கோணும். "கொஞ்சம் பசை தடவி ஒட்டிவிடலாம்" என்பார்கள். சம்மதிக்காதீர்கள். உள்விட்டத்தில் விட்டுக்கொடுக்கலாம், வெளிவிட்டத்தில் கூடாது.

அகலத்தில் சற்று மெலிந்தது பரவாயில்லை. தடிமனானது துளைக்கு வெளியே நீட்டிக்கொண்டு எதிலாவது உரசும்.

6. பழைய சீலில் உள்ள எழுத்துகள்

மில்லிமீட்டர் சீலில் 38 52 8 என்பதுபோல் மூன்று எண்கள் வரிசையாக இருக்கும்: உள்விட்டம், வெளிவிட்டம், அகலம். பழைய பிரிட்டிஷ் சீல்களில் 15022537 என்பதுபோல் ஒரே நீள எண் வரும். அதை 1.50, 2.25, 0.37 அங்குலம் என்று பிரித்துப் படிக்க வேண்டும். கடைசி எண் எட்டில் மூன்று அங்குலத்தைக் குறிக்கிறது. இது தெரியாமல் "நம்பர் இல்லாத சீல்" என்று குப்பையில் போட்டுவிடாதீர்கள்.

எழுத்துகளில் எஸ்.சி. (SC) என்றால் ரப்பர் உறை, ஒற்றை உதடு. டி.சி. (TC) என்றால் ரப்பர் உறை, கூடவே தூசு தடுக்கும் இரண்டாம் உதடு. எஸ்.பி. (SB), டி.பி. (TB) என்பவை வெளிப்புறம் உலோகம். பழைய, கொஞ்சம் கீறல் உள்ள துளைக்கு ரப்பர் உறையே நல்லது. சிறு காயங்களை அது மூடிக்கொள்ளும். உதட்டின் அருகே அம்புக்குறி இருந்தால் அது ஒரே திசையில் சுழலும் ஷாஃப்டுக்கானது. தவறான திசையில் போட்டால் ஆயிலை வெளியே இறைக்கும். பின் ஹப்பில் இடமும் வலமும் எதிரெதிர்த் திசையில் சுழல்வதால் அம்புக்குறி இல்லாததையே வாங்குங்கள்.

7. எந்த ரப்பர்?

கறுப்பு நைட்ரைல் ரப்பர், அதாவது என்.பி.ஆர்., ஹப்புக்கும் டிஃபரன்ஷியலுக்கும் போதுமானது. சுமார் 100 டிகிரி வரை தாங்கும். எஞ்சின் முன்பக்கச் சூட்டுக்கு 150 டிகிரி வரை தாங்கும் ஏ.சி.எம். அல்லது 200 டிகிரி வரை தாங்கும் விட்டான் நல்லது. விட்டான் பெரும்பாலும் பழுப்பு நிறத்தில் வரும், ஆனால் நிறத்தை நம்ப முடியாது. சில இடங்களில் நெருப்புக்குச்சியால் கொளுத்திக் காட்டி "பாருங்கள், எரியவில்லை, விட்டான்தான்" என்பார்கள். அதைச் செய்ய விடாதீர்கள். விட்டான் கருகும்போது ஹைட்ரஜன் ஃபுளோரைடு என்ற கொடிய நச்சுவாயு வரும்.

பிரேக் பாகங்கள் முற்றிலும் தனி உலகம். டாட் 3, டாட் 4 திரவங்கள் கிளைக்கால் அடிப்படையிலானவை. அவற்றுக்கு இ.பி.டி.எம். போன்ற பிரேக்குக்கென்றே செய்த ரப்பர்தான் ஆகும். "அளவு சரியாக இருக்கிறதே" என்று நைட்ரைல் வளையத்தையோ விட்டானையோ வீல் சிலிண்டரிலும் மாஸ்டர் சிலிண்டரிலும் போட்டால் ஊதிப்போய்ப் பிரேக் செயலிழக்கும். அதேபோல் இ.பி.டி.எம். கப்பைப் பெட்ரோலிலோ டீசலிலோ கழுவினால் அது ஊதிவிடும். பிரேக் ரப்பரைப் பிரேக் திரவத்தால் மட்டுமே கழுவுங்கள். பிரேக்குக்கு எப்போதும் முழுக் கிட், அதுவும் பில்லோடு.

8. எங்கே போவது, எப்படிக் கேட்பது

சென்னையில் இருப்பவர்களுக்கு அண்ணா சாலையை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் சாலை, அதற்கு அடுத்துப் புதுப்பேட்டை. முதலாவதில் புதுப் பாகங்கள், இரண்டாவதில் பிரித்த வண்டிகளின் பாகங்கள். சீலைப் பொறுத்தவரை பிரித்தெடுத்ததை வாங்கவே கூடாது. புதுப்பேட்டைக்குப் போவது டைமிங் கவர், ஹப், ஷாஃப்ட் போன்ற இரும்புப் பாகங்களுக்காக. அளவு கையில் இருந்தால் கார் கடையைவிடப் பாரிமுனைப் பக்கத்துப் பேரிங் கடைகள் மேல், அவர்கள் "எந்த வண்டி?" என்று கேட்பதில்லை, "என்ன அளவு?" என்றுதான் கேட்பார்கள். பெங்களூரில் ஜே.சி. சாலை. அம்பாசிடருக்கு மட்டும் என்றால் கொல்கத்தாவின் மல்லிக் பஜாரில் கிடைக்காதது குறைவு.

கடையில் இப்படிக் கேளுங்கள்: "ஷாஃப்ட் இவ்வளவு, துளை இவ்வளவு, ஆழம் இவ்வளவு, கியர் ஆயிலுக்கு, டி.சி. டைப், நைட்ரைல்." வெர்னியரைக் கையோடு எடுத்துப் போய் அங்கேயே அளந்து பாருங்கள்.

பெட்டியைப் பார்த்து மயங்க வேண்டாம். முப்பது ஆண்டுகளாக அலமாரியில் இருந்த "ஒரிஜினல் கம்பெனி சரக்கு" என்று எடுத்துக் காட்டுவார்கள். ரப்பருக்கு அடுக்கு வாழ்நாள் உண்டு, ஐ.எஸ்.ஓ. 2230 தரநிலை நைட்ரைலுக்கு 7 ஆண்டுகள், விட்டானுக்கும் இ.பி.டி.எம்.முக்கும் 10 ஆண்டுகள் என்று வகுத்திருக்கிறது. உதட்டை மெல்ல வளைத்துப் பாருங்கள். நுண்ணிய வெடிப்பு தெரிந்தாலும், நகத்தால் அழுத்திய இடம் உடனே எழும்பாவிட்டாலும் வேண்டாம். உதட்டின் பின்னே உள்ள சுருள்வில் துருவில்லாமல் தன் பள்ளத்தில் முழு வட்டமாக இருக்க வேண்டும்.

ஜி.எஸ்.டி. பில் கேட்டு வாங்குங்கள். அதில் அளவை எழுதச் சொல்லுங்கள். ஒரே அளவில் இரண்டு வாங்கிவிடுங்கள். மாட்டும்போது ஒன்று கோணினால் வேலை நிற்காது.

9. அளவு கிடைக்கவே இல்லை என்றால்

ஷாஃப்டில் பள்ளம் இருந்தால் அதன் மேல் ஸ்லீவ் எனும் மெல்லிய உலோக உறை போடலாம். எஸ்.கே.எஃப். ஸ்பீடி-ஸ்லீவின் சுவர் 0.28 மி.மீ.தான், அதனால் சீல் அளவை மாற்ற வேண்டியதில்லை. இன்னும் மலிவான வழி, சீலை ஓரிரு மி.மீ. உள்ளேயோ வெளியேயோ தள்ளி உட்கார வைத்துத் தேயாத பரப்பில் உரச விடுவது. ஆயில் திரும்பும் துளையை அது அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

துளை அங்குல அளவில் இருந்து மில்லிமீட்டர் சீல் மட்டுமே கிடைத்தால், நல்ல லேத் பட்டறையில் துளையை அடுத்த மில்லிமீட்டர் அளவுக்குக் கடைந்துகொள்ளலாம். சுவர் போதிய தடிமனாக இருந்தால் மட்டுமே இது சரி. ஒருமுறை கடைந்தால் திரும்ப வழியில்லை என்பதால் இதைக் கடைசியாக வையுங்கள். அம்பத்தூர், கோவை போன்ற தொழிற்பேட்டைப் பகுதிகளில் ஹைட்ராலிக் சீல் கடைந்து தருபவர்களிடம் சொன்ன அளவில் ஒன்றிரண்டு செய்து வாங்கவும் முடியும்.

பிரிட்டனில் எம்.ஜி., மோரிஸ் வண்டிகளுக்கான பாகங்கள் இன்றும் விற்பனையில் இருக்கின்றன. ஆனால் கூரியர் கட்டணம், சுங்கத் தீர்வை, கையாளும் கட்டணம் எல்லாம் சேர்ந்து சீலின் விலையைத் தாண்டிவிடும். அடையாளச் சான்றாக ஆதார் அல்லது பான் நகலும் கேட்பார்கள். ஒரே சீலுக்காக வரவழைக்காதீர்கள். எஞ்சின் முழுக் கேஸ்கெட் செட்டோடு சேர்த்தால் கட்டுப்படியாகும்.

10. செலவும் நாளும்

சாதாரண நைட்ரைல் சீல் பெரும்பாலும் ஐம்பதிலிருந்து இருநூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். அதே அளவில் விட்டான் பல மடங்கு ஆகும். உண்மையான செலவு கூலியில் இருக்கிறது. ஆகவே நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கத் தரம் குறைந்ததை வாங்கி மீண்டும் ஹப்பைக் கழற்றுவது நஷ்டம். பேக்கிங், புதிய கியர் ஆயில், ஆயிலில் ஊறிய லைனர் என்றால் இரு பக்கத்துக்கும் புதிய லைனர் ஆகியவற்றையும் கணக்கில் சேருங்கள்.

சீல் கைக்கு வரும் முன்னால் பட்டறையில் வண்டியைப் பிரித்துப் போடாதீர்கள். அளவெடுக்கப் பிரித்தே ஆகவேண்டிய இடமென்றால் வாரத் தொடக்கத்தில் பிரியுங்கள். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் திறப்பதில்லை. பதினைந்து ஆண்டு கடந்த வண்டிக்கு ஆர்.சி. புதுப்பிக்க வேண்டியிருந்தால் இன்னும் கவனம் தேவை: படிவம் 25-ஐக் காலாவதிக்கு முந்தைய 60 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். ஒழுகும் வண்டியோடு ஆய்வாளர் முன் நிற்காமலிருக்க, சீல் தேடலை அதற்கும் ஒரு மாதம் முன்பே தொடங்குங்கள்.

11. மாட்டும் நாளில்

உதட்டின் திறந்த பக்கம், சுருள்வில் தெரியும் பக்கம், ஆயிலை நோக்கி இருக்க வேண்டும். உதட்டில் அந்த இடத்துக்குரிய ஆயிலைத் தடவுங்கள். உலர்ந்த சீல் முதல் சில நிமிடங்களிலேயே கருகும். ஷாஃப்டில் சாவிப்பள்ளமோ பற்களோ இருந்தால் மெல்லிய டேப் சுற்றி, அதன் மேல் வழுக்கி ஏற்றுங்கள். தட்டையான பலகையையோ சீலின் வெளிவிட்டத்துக்குச் சற்றுக் குறைவான சாக்கெட்டையோ வைத்து, சுற்றிலும் சமமாகத் தட்ட வேண்டும். பினியன் சீல் (டிஃபரன்ஷியலின் முன்பக்கச் சீல்) என்றால் நட்டும் ஃபிளாஞ்சும் இருந்த நிலையைக் கழற்றும் முன்பே புள்ளி குத்திக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பேரிங்கின் இறுக்கம் அதைப் பொறுத்தது. பக்கத்தில் நின்று பார்ப்பதில் தவறில்லை, உங்கள் வண்டி.

நூறு கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி துடைத்துப் பவுடர் தூவிப் பாருங்கள். முதலில் லேசான ஈரம் இருந்து நின்றுவிட்டால் அது மாட்டும்போது தடவிய ஆயில். தொடர்ந்தால், சீலின் வெளி விளிம்பில் ஈரமா, உதட்டோரத்தில் ஈரமா என்று பிரித்தறியுங்கள். விளிம்பில் என்றால் துளையின் அளவை மீண்டும் எடுக்க வேண்டும். உதட்டில் என்றால் ஷாஃப்டின் பள்ளத்தையும் பேரிங் ஆட்டத்தையும் பார்க்க வேண்டும். ஹப்பின் வெளிமுகத்தில், ஆக்சில் ஃபிளாஞ்சைச் சுற்றி மட்டும் ஈரம் என்றால் சீல் நன்றாகவே இருக்கிறது; அங்கே உள்ள காகித பேக்கிங்கை மாற்றினால் போதும்.